உராய்வில் போன ஆற்றல் எங்கே? இயக்கவியலிலிருந்து வெப்ப இயக்கவியலுக்கு

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் முதலாம் ஆண்டு இயற்பியல் படிப்பவர்களுக்காக இந்த வீடியோ. நியூட்டன் விதிகள், உந்தம், ஆற்றல் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது, ஆனால் வெப்ப இயக்கவியல் தொடங்கியதுமே ஏதோ வேறு வகுப்பில் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று பலரும் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால், இயக்கவியலில் நாம் பாதியில் மூடிவைத்த கணக்கைத்தான் அங்கே மறுபடி திறக்கிறோம்.

எந்தக் கணக்கு? 2 கிலோ மரக்கட்டை ஒன்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையில் சறுக்கிக்கொண்டு போய் நின்றுவிடுகிறது. இயக்க ஆற்றல் 9 ஜூல். "உராய்வால் இழந்த ஆற்றல் 9 ஜூல்" என்று விடை எழுதி அடியில் இரண்டு கோடு போடுகிறோம். சரி, அந்த 9 ஜூல் எங்கே போனது? தரையும் கட்டையும் கொஞ்சம் சூடாகியிருக்கின்றன. அந்தக் கொஞ்சத்தை அளக்க முடியுமா என்று கேட்டவர்தான் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில், பீர் வடிக்கும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். கயிற்றில் கட்டிய எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அந்த இறக்கத்தால் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழல வைத்தார். எடைகளை மறுபடி மேலே ஏற்றி, மறுபடி இறக்கி, இப்படி இருபது முறை செய்தும் தண்ணீரின் வெப்பநிலை அரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குத்தான் ஏறியது. அதை நம்பி அளக்கக்கூடிய வெப்பமானியும் பொறுமையும் அவரிடம் இருந்தன. 1850இல் அவர் வெளியிட்ட எண், இன்று நாம் ஒரு கலோரிக்கு 4.186 ஜூல் என்று எழுதுவதற்கு மிக நெருக்கம்.

இந்த எண்ணை மனப்பாடம் செய்வதோடு விடாதீர்கள், அதை உயரமாக மாற்றிப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 4186 ஜூல் வேண்டும். அதே ஆற்றல் அதே ஒரு கிலோவை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும்! கர்நாடகத்து ஜோக் அருவி 253 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் ஆற்றல் முழுவதும் அந்தத் தண்ணீரிலேயே தங்கினால்கூட 0.6 டிகிரிதான் ஏறும். நயாகராவுக்கு இதே கணக்கை ஜூலே 1845இல் போட்டிருக்கிறார். நிலை ஆற்றலும் தன்வெப்பமும் ஒரே சமன்பாட்டில் வரும் இந்த மாதிரிக் கணக்கு ஒன்றை நீங்களே உட்கார்ந்து போட்டால் போதும், இரண்டு பாடங்களுக்கும் நடுவில் இருப்பதாக நினைத்த சுவர் தானாக விழும்.

அடுத்தது வாயு. பெட்டிக்குள் ஒரு மூலக்கூறு சுவரில் நேராக மோதித் திரும்புகிறது. உந்தம் எவ்வளவு மாறியது? நிறை பெருக்கல் வேகம், அதில் இரண்டு மடங்கு. அதே சுவருக்கு மறுபடி வர எவ்வளவு நேரம்? பெட்டி நீளத்தின் இரண்டு மடங்கை வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் சராசரி விசை. அதைச் சுவரின் பரப்பால் வகுத்து, எல்லா மூலக்கூறுகளுக்கும் கூட்டினால் அழுத்தம். மீட்சி மோதல் தெரிந்த யாருக்கும் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இந்த அழுத்தத்தை நல்லியல்பு வாயுச் சமன்பாட்டோடு ஒப்பிட்டால் வரும் முடிவைப் பாருங்கள்: ஒரு மூலக்கூறின் சராசரி இயக்க ஆற்றல் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 27 டிகிரி செல்சியஸில், இந்த அறைக்குள்ளேயே, நைட்ரஜன் மூலக்கூறுகள் நொடிக்கு ஏறக்குறைய 517 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதை முதன்முதலாகக் கணக்கிட்டுப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி.

வெப்ப இயக்கவியலின் முதல் விதியில் பெரும்பாலும் குறியில்தான் தடுமாற்றம். இயற்பியல் புத்தகங்களில் பெரும்பாலும் அக ஆற்றல் மாற்றம் என்பது வெப்பம் கழித்தல் வேலை. வேதியியலில் வெப்பம் கூட்டல் வேலை. முதலாவதில் வேலையை வாயு செய்கிறது, இரண்டாவதில் வாயுவின் மேல் செய்யப்படுகிறது. இரண்டும் சரியே. துணைப்பாடமாக வேதியியல் எடுத்தவர்கள் விடைத்தாளில் முதல் வரியிலேயே "வேலை என்பது வாயு செய்த வேலை" என்று எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பதையும் இங்கேதான் ஊன்றிப் படிக்க வேண்டும். சைக்கிள் பம்பை வேகமாக அழுத்தினால் அடிப்பக்கம் சுடுகிறது. வெளியிலிருந்து வெப்பம் எதுவும் உள்ளே போகவில்லை; நம் கை செய்த வேலைதான் அக ஆற்றலாக மாறி உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலையை ஏற்றியது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று படிப்பது இதைத்தான். "வெப்பம் போகவில்லை, அதனால் வெப்பநிலையும் மாறாது" என்று ஒருபோதும் எழுதிவிடாதீர்கள். அப்புறம், அழுத்தம்-பருமன் வரைபடத்தின் கீழுள்ள பரப்புதான் வேலை என்பதும் புதிதில்லை. விசை-இடப்பெயர்ச்சி வரைபடத்தில் கண்டுபிடித்தோமே, அதே பரப்புதான்.

இயக்கவியல் நம்மைக் கைவிடும் இடம் ஒன்று உண்டு, அது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. தரையில் பரவிய அந்த 9 ஜூல் ஒன்றுசேர்ந்து கட்டையைத் திரும்ப ஓடவைத்தால் நியூட்டன் விதிகளும் தடுக்காது, முதல் விதியும் தடுக்காது. ஆனாலும் அப்படி நடப்பதில்லை. நீராவி இயந்திரத்தை ஆராய்ந்த சாடி கார்னோ 1824இல் இதற்கு வழி திறந்தார். தனித்து விடப்பட்ட அமைப்பில் ஒருபோதும் குறையாத ஓர் அளவுக்கு 1865இல் கிளாசியஸ் என்ட்ரோபி என்ற பெயரைக் கொடுத்தார். இந்தப் பகுதிக்கு மட்டும் அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். கார்னோ இயந்திரத்தின் பயனுறுதிறனை, அதாவது உள்ளே போன வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கை, கெல்வினில் மட்டுமே போடுங்கள். 500 கெல்வினுக்கும் 300 கெல்வினுக்கும் நடுவில் பயனுறுதிறன் 40 சதவீதம். அதையே 227, 27 என்று செல்சியஸில் போட்டால் 88 சதவீதம் என்று நடக்கவே முடியாத ஒரு விடை வரும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. 80 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ தண்ணீர், 20 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீர். இரண்டையும் கலந்தால் 50 டிகிரி. மொத்த என்ட்ரோபி எவ்வளவு கூடியது? ஒவ்வொரு கிலோவுக்கும் தனித்தனியாகத் தொகையிட்டுக் கூட்டுங்கள். ஒரு கெல்வினுக்கு 36 ஜூலை ஒட்டி வந்தால் சரி. எதிர்க்குறியில் வந்தால், இயற்கை மடக்கையில் எந்த வெப்பநிலை மேலே, எந்த வெப்பநிலை கீழே என்று பாருங்கள். படிகளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் அதிலிருந்தே தொடங்கலாம்.