ஒரே நெருப்பின் முன் மூவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நாடும் காலமும் வேறான தத்துவ ஞானிகளிடையே நாம் காணும் ஒற்றுமை உண்மையா, நம் கற்பனையா என்பது இன்றைய வழக்கு. உண்மையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, ஆளுக்கொரு வரியைப் பிய்த்தெடுத்து அருகருகே வைத்தால் எவரும் எவரோடும் ஒத்துப்போவார் என்றார். நியாயமான குற்றச்சாட்டு. 'தனக்கு வேண்டாததைப் பிறர்க்குச் செய்யாதே' என்று கன்பூசியஸ் சொன்னார், யூத ஞானி ஹில்லெல் சொன்னார், வள்ளுவரும் சொன்னார் என்று பட்டியல் வாசிக்கும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. கைதட்டலும் கிடைக்கும். அந்தப் பட்டியலை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன். முடிவு ஒத்துப்போவது பெரிதல்ல. வாதம் நடந்துபோன வழி ஒத்துப்போகிறதா? அதைப் பார்ப்போம்.

பாக்தாத், 1095ஆம் ஆண்டு. தத்துவவாதிகளை மறுத்து இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி நூல் எழுதி முடிக்கிறார். பஞ்சில் நெருப்புப் பட்டால் எரிகிறது. எரித்தது நெருப்புதான் என்பதற்கு என்ன சான்று? பட்டபோது எரிந்ததைத்தான் கண் கண்டது. பட்டதனால் எரிந்தது என்பதைக் கண் காணவில்லை என்கிறார். 1739இல் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் அதே இடத்தில் வந்து நிற்கிறார். சுடரைப் பார்த்தோம், சூட்டை உணர்ந்தோம். ஒவ்வொரு முறையும் இப்படியே நடந்தது என்ற நினைவுக்கு மேல் நம் கையில் என்ன இருக்கிறது?

"கஸ்ஸாலி அற்புதங்களுக்கு இடம் தேடினார், ஹியூமோ அற்புதங்களுக்கான சாட்சியங்களைத் தகர்த்து 1748இல் எழுதினார். இதில் எங்கே ஒற்றுமை?" என்று கேட்டார் சகோதரி. எனக்கு அதுவே வலுவான சான்று. பக்திக்காக மட்டும் பிறந்த வாதமாக இருந்தால், எதையும் ஐயுறும் ஹியூம் அதைத் தொட்டிருப்பாரா? எதிரெதிர் ஊருக்குப் போகிற இருவர் ஒரே பாலத்தைக் கடந்தால் பாலம் பொய்யாகிவிடுமா?

கஸ்ஸாலியின் வாதம் ஐரோப்பாவுக்குக் கசிந்திருக்கலாமே என்பார்கள். கசிந்திருக்கலாம். அவரை மறுத்து அரபுத் தத்துவ ஞானி இப்னு ருஷ்து எழுதிய நூல் 1328இல் லத்தீனுக்குப் போனது. அதனால்தான் மூன்றாவது சாட்சியாக ஜயராசி பட்டரை அழைக்கிறேன். எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு இந்தியர். பொருளுலகையே மெய்யெனக் கொண்ட உலகாயத மரபோடு சேர்த்துப் பேசப்படுபவர். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்கிறாயே, அந்த எல்லா இடத்தையும் எந்தப் பிரமாணத்தால், எந்த அறியும் வழியால் அறிந்தாய் என்று தருக்கவாதிகளை மடக்கியவர். அவருடைய நூலின் சுவடி குஜராத்தின் பாட்டன் நகரில் 1926இல் கிடைத்தது, 1940இல்தான் அச்சேறியது. ஹியூம் 1776இலேயே இறந்துவிட்டார். இங்கே யார் யாரைப் பார்த்து எழுதினார், நடுவர் அவர்களே?

ஜயராசி எல்லாப் பிரமாணங்களையும் உடைத்தார், கஸ்ஸாலி இறைவனிடம் போனார், ஹியூம் மனத்தின் பழக்கத்தோடு நின்றார். போகுமிடம் வேறு என்பதை நான் மறைக்கவில்லை. கேள்வி ஒன்று, அதைக் கேட்ட முறையும் ஒன்று.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம். ஒரு மண்ணின் சிந்தனையை அந்த மண்ணின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்று சகோதரி அழுத்திச் சொன்னார். ஜெர்மனியின் ஹெர்டர் 1774இல் வாதாடியது ஏறக்குறைய அதைத்தான். அதைச் சகோதரி இங்கே தமிழில் சொன்னார். உங்களுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதை அடுத்து வரும் எதிரணியினர் விளக்கட்டும்.