இலையின் அடிப்பக்கத்தில் குடியிருக்கும் செஞ்சிலந்திப் பேன்

அனைவருக்கும் வணக்கம். நான் கேமராவுக்கு அருகில் பிடித்திருக்கும் இந்த அரிக்கா பனையின் ஓலையில், ஊசிமுனையால் குத்தியதுபோல் வெளிர்மஞ்சள் புள்ளிகள் நெருக்கமாகத் தெரிகின்றன. இவை செஞ்சிலந்திப் பேன் சாறு உறிஞ்சிய தடங்கள். இதைச் சத்துக்குறைவு என்று எண்ணிப் பலர் உரமிடுகிறார்கள்; ஆனால் தழைச்சத்து கூடிய இலை பேனுக்கு இன்னும் நல்ல தீனியாகிவிடும்.

ஓலையைத் திருப்புகிறேன். நடுநரம்பை ஒட்டி மெல்லிய நூலாம்படையும் அதில் நகரும் துகள்களும் இருக்கின்றன. வளர்ந்த பேனே அரை மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், வெள்ளைத் தாளின் மேல் ஓலையைத் தட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் ஐயமே வேண்டாம்.

இதற்கு எட்டுக் கால்கள். இது சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது, பூச்சி அன்று. மருந்து வாங்கும்போது இந்த வேறுபாடுதான் முக்கியம். அசுவினிக்கென்று வீட்டில் வைத்திருக்கும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து இதைக் கொல்லாது; பேனைத் தின்னும் பொறிவண்டுகளை அழித்துவிடும். அம்மருந்து தெளித்த சில செடிகளில் பேன் முன்பைவிடப் பெருகியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே கடைக்காரர் 'எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து' என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

என் கருத்தில் முதல் மருந்து தண்ணீர்தான். தொட்டியின் மண்ணைப் பாலித்தீன் உறையால் மூடிக்கட்டி, செடியைச் சாய்த்து, கைக்குழாயின் நீர் அடிப்பக்கத்தில் விசையுடன் படும்படி ஒவ்வோர் ஓலையாகக் கழுவினால், நூலாம்படை அறுந்து பேன்களில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்படும். இலை காய்ந்தபின், மாலையில், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலுடன் நன்றாகக் கலக்கித் தெளிக்கலாம். மேல்பக்கம் பளபளக்கத் தெளித்துவிட்டு அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் எண்ணெய் வீண். பெரணி போன்ற மென்மையான செடிகளில் ஓரிலையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

ஒருமுறை தெளித்ததோடு நிறுத்துவதால்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிடும் பேனாகிவிடுகிறது. ஆண் சேராமலேயே பெண் முட்டையிடும், அவை ஆண்களாகப் பொரிக்கும். எனவே தப்பிய முட்டைகள் பொரித்து, அவை மறுபடி முட்டையிடும் முன், நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை கழுவலையும் தெளிப்பையும் மூன்று நான்கு தடவையாவது செய்ய வேண்டும்.

நனையும் கந்தகம், அதாவது நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூளைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாடித் தோட்டத்து ரோஜாவுக்குத் தெளிக்கலாம். ஆனால் கடும் வெயில் நாளிலும், எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது, இலை கருகிவிடும். கூடத்துச் செடிக்கு அதன் நாற்றமே போதும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏசி ஓடும் அறையின் வறண்ட காற்று பேனுக்கு மிக உகந்தது என்பதால், செடியை ஏசியின் நேர்க்காற்றிலிருந்து நகர்த்துங்கள். நுனி முழுவதும் நூலாம்படை மூடிய கிளைகளை வெட்டி, உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். பக்கத்துத் தொட்டிச் செடிகள் நலமாகத் தெரிந்தாலும் அவற்றின் அடியிலைகளையும் இன்றே தாளில் தட்டிப் பாருங்கள்.