வண்டியை ஒடித்தார்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். 'ஸ்வெர்வ்'.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், ஒரு விபத்துச் செய்தியில் 'லாரி திடீரெனத் திரும்பியதால்' என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் இருந்தது வேறு. குறுக்கே நாய் ஓடி வர, அதன்மேல் ஏற்றிவிடக் கூடாதே என்று ஓட்டுநர் 'ஸ்வெர்வ்' செய்திருக்கிறார். என் வரியைப் படித்தவர்கள், சிக்னல்கூடப் போடாமல் ஏதோ தெருவுக்குள் வண்டியை விட்டார் என்றுதானே நினைத்திருப்பார்கள்? நாயைக் காப்பாற்றப் பார்த்த மனிதர்மேல் என் சொல்லால் பழி விழுந்தது. இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

'டர்ன்' என்றால் போக வேண்டிய பக்கம் திரும்புவது. 'ஸ்வெர்வ்' என்றால், நேராக வேகமாகப் போய்க்கொண்டிருப்பது சட்டென்று தன் தடத்தை விட்டு விலகுவது. பெரும்பாலும் எதன்மீதாவது மோதாமலிருக்க. அகராதியில் 'விலகு', 'பிறழ்' என்று கிடைக்கும். தப்பில்லை. ஆனால் ஸ்டியரிங்கைக் கை வெட்டி இழுக்கிற அந்த நொடி அவற்றில் இல்லை. நம் ஓட்டுநர்கள் சொல்வதைக் கேளுங்கள்: "ஆடு குறுக்க வந்துச்சு, ஒடிச்சுட்டேன்." அந்த 'ஒடிச்சுட்டேன்'தான் எனக்கு வேண்டியிருந்த சொல். இப்போதெல்லாம் 'வண்டியை ஒடித்தார்' என்றே எழுதுகிறேன்.

இந்தச் சொல்லின் பழைய ஆங்கில வடிவத்துக்குத் தேய்ப்பது, அராவுவது என்று பொருள். விலகுவது என்ற பொருள் பிறகுதான் வந்தது.

பந்துக்கும் இதே சொல்தான். 1997இல் பிரான்சின் லியோன் நகரில், பிரேசில் கால்பந்து வீரர் ராபர்ட்டோ கார்லோஸ் சுமார் 35 மீட்டரிலிருந்து அடித்த ஃப்ரீ கிக்கைப் பார்த்திருப்பீர்கள். பந்து கோலுக்கு வெளியே எங்கோ போவதுபோல் போய், கடைசியில் உள்ளே வளைந்து கம்பத்தில் பட்டு வலைக்குள் விழுந்தது. கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றார். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது, அதனால் வரும் வளைவு அது. இங்கே 'ஒடித்தது' பொருந்தாது, 'வளைந்தது' போதும்.

அப்புறம், 'அன்ஸ்வெர்விங்'. அசையாத விசுவாசத்தைச் சொல்வது. அதற்கு 'வழுவாத' என்று நம்மிடம் அழகான சொல் இருக்கிறது.

பிரிட்டனில் பேச்சுவழக்கில், போகப் பிடிக்காத விருந்தைக்கூட 'ஸ்வெர்வ்' செய்கிறார்கள். அதை நான் 'நழுவிவிட்டேன்' என்று எழுதுவேன்.

நன்றி, வணக்கம்.