பித்த உப்பு மைசெல்: அளக்கப் போனால் மாறிவிடும் அளவு

நேயர்களுக்கு வணக்கம்.

நாம் சாப்பிடும் நெய்யும் எண்ணெயும் தண்ணீரில் கரையாதவை. குடலுக்குள் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர். கொலஸ்டிராலிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் பித்த உப்புகள்தாம் இந்த இரண்டையும் சேர்த்து வைக்கின்றன. அவற்றின் மூலக்கூறுகள் சில ஒன்றுகூடி மைசெல் என்ற நுண்ணிய திரளாகின்றன. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் பெரும்பாலும் அதில் ஏறிக்கொண்டுதான் குடல்சுவர் வரை போய்ச் சேர்கின்றன.

இந்தத் திரள் எவ்வளவு பெரியது? ஒன்றில் எத்தனை மூலக்கூறுகள்? சின்னக் கேள்விதான். ஆனால் வேதியியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதில் முட்டிமோதிக்கொண்டிருக்கிறார்கள்.

சோப்பு வகைகளில் இந்தத் தொல்லை குறைவு. சோடியம் டோடெசில் சல்பேட்டை எடுத்துக்கொண்டால், செறிவு 8 மில்லிமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) அளவை எட்டும்போது மைசெல் உருவாகத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 60 மூலக்கூறுகள். சோப்பு மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் நீரை ஒதுக்கும் வாலும் உண்டு. பித்த உப்புக்கு அப்படித் தலை, வால் என்ற அமைப்பு கிடையாது. நான்கு வளையங்கள் சேர்ந்த விறைப்பான உடல். ஒரு முகம் நீரை நாடும், மறுமுகம் நீரை ஒதுக்கும். ஒரு பக்கம் மட்டும் நெய் தடவிய சப்பாத்திகளைப் போல, நெய்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முதலில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு என்று மெல்லமெல்லச் சேர்வதால், மைசெல் தொடங்கும் செறிவு இதுதான் என்று கோடு கிழிக்க முடிவதில்லை. கோலேட் என்ற பித்த உப்பில் இரண்டு முதல் நான்கு மூலக்கூறுகள் போதும். ஒரு ஹைட்ராக்சில் (நீரை நாடும் OH தொகுதி) குறைந்த டிஆக்சிகோலேட்டில் இன்னும் அதிகம். சாப்பாட்டு உப்பைச் சேர்த்தால் அது மேலும் வளரும். முதலில் சிறு திரள்கள், பிறகு அவை இணைந்த பெருந்திரள்கள் என்று 1968-இல் ஸ்மால் என்ற ஆய்வாளர் ஒரு மாதிரி சொன்னார். படிகங்களை ஆராய்ந்த இத்தாலியர்கள் திருகுச்சுருள் அமைப்பை முன்வைத்தார்கள். எந்த ஒரு மாதிரியும் எல்லாப் பித்த உப்புக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அளப்பதற்குப் பெரிதும் பயன்படுவது ஒளிச்சிதறல். 1979-இல் மேசர், கேரி, பெனடெக் குழுவினர் இந்த வழியில்தான் பித்த உப்பு மைசெல்களை விரிவாக அளந்தார்கள். கரைசலுக்குள் லேசரைச் செலுத்தி, சிதறிவரும் ஒளி எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். திரள் சிறிதானால் ஏற்ற இறக்கம் வேகமாக இருக்கும். அதிலிருந்து பரவல் வேகமும், அதிலிருந்து ஆரமும் கிடைக்கும்: ஒன்று முதல் சில நானோமீட்டர் வரை. முதல் எதிரி தூசி. சிதறும் ஒளி ஆரத்தின் ஆறாம் அடுக்கில் கூடும். ஆகவே 100 நானோமீட்டர் தூசி ஒன்று, ஒரு நானோமீட்டர் திரளைவிடக் கிட்டத்தட்ட இலட்சம் கோடி மடங்கு ஒளிரும். வடிகட்டாத கரைசலை அளப்பவர் தூசியைத்தான் அளக்கிறார்.

அடுத்தது மின்சுமை. மைசெல்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் வேகமாக நகர்கின்றன. கருவி அவற்றை உள்ளதைவிடச் சிறியதாகக் காட்டும். அதைத் தணிக்க உப்புப் போடலாம், ஆனால் உப்பே திரளை வளர்த்துவிடும். சரி, பைரீன் என்ற ஒளிரும் மூலக்கூறை உள்ளே அனுப்பி எண்ணலாமே? பைரீனின் எடை கோலேட்டின் எடையில் ஏறக்குறைய பாதி. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்குள் இப்படியொரு விருந்தாளி நுழைந்தால் வீடு பழையபடி இருக்காது!

லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் கலந்த பித்தநீரில் நிலைமை இன்னும் வேடிக்கை. தண்ணீர் ஊற்ற ஊற்ற மைசெல் சிறுக்காது, பெருக்கும். ஓரளவுக்கு மேல் நுண்குமிழ்களாகவே மாறிவிடும். வெறும் தண்ணீர் திரளிலுள்ள பித்த உப்பைக் கழற்றி இழுத்துவிடுவதே காரணம். அதனால் நீர்க்கச் செய்யும் திரவத்திலும், வெளியே தனித்துத் திரியும் பித்த உப்பு எவ்வளவோ அவ்வளவைச் சேர்த்திருக்க வேண்டும்.

மருந்து ஆய்வகங்களுக்கு இது அன்றாட வேலை. வெறும் வயிற்றுக் குடல்நீருக்கு மாற்றாக அவர்கள் 3 மில்லிமோலார் டாரோகோலேட் என்ற பித்த உப்பும் 0.75 மில்லிமோலார் லெசித்தினும் கலக்கிறார்கள். சாப்பிட்ட பின்னான நிலைக்கு 15-உம் 3.75-உம். விகிதம் ஒன்றேதான், செறிவு மட்டும் ஐந்து மடங்கு. கிரிசியோஃபுல்வின் என்ற படர்தாமரை மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கச் சொல்கிறார்களே, அப்போது சுரக்கும் கூடுதல் பித்தநீரில்தான் அந்தக் கரையாத மருந்து நன்றாகக் கரைகிறது.

நன்றி, வணக்கம்.