கீழ்ப் படுக்கை இரண்டு வேண்டும்

வணக்கம் நேயர்களே. எனக்கு 66 வயது, என் கணவருக்கு 70. ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, கடலோர நகரங்களாகத் தேடிப்பிடித்து, ஹாஸ்டல்களில் தங்கிச் சுற்றி வருகிறோம். படிக்கிற பிள்ளைகளின் விடுதியைச் சொல்லவில்லை, பயணிகள் தங்குகிற ஹாஸ்டல். ஓர் அறையில் ஆறு, எட்டு என்று அடுக்குக் கட்டில்கள் இருக்கும். அறைக்கு வாடகை கிடையாது, படுக்கைக்குத்தான். சமையலறையும் குளியலறையும் எல்லோருக்கும் பொது.

"இந்த வயதில் முடிகிறதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உடம்பு முடியத்தான் முடிகிறது. வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது.

முதல் பயணத்தின் முதல் இரவைச் சொல்கிறேன். எங்களுக்குக் கிடைத்தவை இரண்டும் மேல் படுக்கைகள். கீழே இருந்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். "கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள் என்று கேளுங்களேன்" என்று என் கணவரிடம் சொன்னேன். "சின்னப் பசங்களிடம் போய் என்னவென்று கேட்பது?" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு ஏறிப் படுத்துவிட்டார். இரவு இரண்டு மணிக்கு ஏணி கிரீச்சிட்டது. பாத்ரூம் போக இறங்கியவர், அடுத்த படி காலுக்கு எட்டாமல் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே படுத்திருந்த பையன் எழுந்து, அவர் பாதத்தைப் பிடித்துப் படியில் வைத்தான். அவர் திரும்பி வருவதற்குள் தன் தலையணையை மேலே எறிந்துவிட்டு ஏறியும் படுத்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையிலேயே கேட்டிருந்தால் அவனாவது முழுசாகத் தூங்கியிருப்பான்.

வாழ்நாள் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பாய் விரித்துப் போட்டே பழகியவர்கள் நாங்கள். நமக்கொரு இடம் வேண்டும் என்று அந்நியரிடம் கேட்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஹாஸ்டல் என்ற ஏற்பாடே அப்படி இடம் கேட்டதில் பிறந்ததுதான். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1909 ஆகஸ்ட் 26 அன்று மாணவர்களோடு நடைப்பயணம் போனவர் இடிமழையில் மாட்டிக்கொண்டார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு ஒதுங்கி, வைக்கோலைப் பரப்பி இரவைக் கழித்தார்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் நடந்து வருகிறவர்களைத் தங்கவைத்தால் என்ன என்று யோசித்தார். 1912-ல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் விடுதி வந்துவிட்டது.

இளைஞர்களுக்காகத் தொடங்கியது என்பதாலோ என்னவோ, இன்றும் சில ஹாஸ்டல்களில் வயது வரம்பு உண்டு. ஓர் ஊரில் பணம் கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்ற பிறகு, "நாற்பதுக்கு மேல் பொது அறை தருவதில்லை" என்றார்கள். விதிமுறையில் பொடி எழுத்தில் இருந்ததாம். நான் படிக்காததும் தப்புதான், ஆனால் இருட்டுகிற நேரத்தில் அதைச் சொன்ன முகத்தை நான் மறக்கப்போவதில்லை. அன்றிலிருந்து முன்கூட்டியே மூன்று கேள்விகளை எழுதி அனுப்பிவிடுகிறேன். வயது வரம்பு உண்டா, லிஃப்ட் உண்டா, கீழ்ப் படுக்கை இரண்டு கிடைக்குமா? லிஃப்ட்டைக் கேட்க மறக்காதீர்கள். துறைமுகத்தை ஒட்டிய பழைய கட்டடங்களில் பெரும்பாலும் படிக்கட்டுதான், முழங்காலுக்கோ ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை.

அப்புறம் பை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நாங்கள் தூக்குவதில்லை. என் பை ஆறு கிலோவைத் தாண்டாது. இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும்.

கடற்கரை ஊர்களில் ஈரம்தான் பெரிய வில்லன். கடலில் நனைந்த துணியை அப்படியே உலர்த்தினால் காய்ந்த மாதிரி இருக்கும், ராத்திரி மறுபடியும் பிசுபிசுக்கும். துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஊர்கள் ஆயின! கடல் பார்த்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் புழுங்கியதும் உண்டு. பகலில் காற்று கடலிலிருந்து வரும். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பிவிடும். அன்று பின்பக்க அறைக்காரர்கள்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

என் கணவருக்கு இன்சுலின் உண்டு. பொது ஃப்ரிட்ஜில் வைக்கும்போது பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்டுகிறோம். பெயரில்லாத பொருளைத் துப்புரவு நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது, அதனால் ஃப்ரீசர் பக்கம் வைப்பதில்லை. ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு வருவார். இப்போது சமையலறையில் நிற்பவர்களிடம் அவரே, "அது என் மருந்து, தள்ளி வைத்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிடுகிறார். போன பயணத்தில் ஒரு பெண், "என் அப்பாவும் இதைத்தான் போட்டுக்கொள்கிறார்" என்று பேச ஆரம்பித்து, இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் தனியாகக் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் மறுபடியும் கிளம்புகிறோம். கீழ்ப் படுக்கை இரண்டு வேண்டும் என்று எழுதிவிட்டேன். ஒன்றுதான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. இன்னொன்றை அங்கே போய் அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறாராம்.

நன்றி, வணக்கம்.