வாலில் நுழைந்து வாயில் வெளியே

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய எகிப்தியருக்குக் காலைச் சூரியன் கெப்ரி என்னும் வண்டு. உச்சி வேளையில் அவர் ரா. அந்தி சாய்ந்தால் ஆத்தும் என்னும் முதியவர். மேற்கே மறைந்ததும், ஆட்டுக்கடாத் தலையோடு படகேறிப் பாதாளத்தின் பன்னிரண்டு மணி நேரத்தையும் கடந்தாக வேண்டும்.

அந்த இரவு முழுவதையும் ஒரு கல்லறைச் சுவரில் காணலாம். நைல் ஆற்றில் லக்சர் நகருக்கு எதிர்க்கரையில், அரசர்களின் பள்ளத்தாக்கில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் மறைந்த மூன்றாம் துத்மோசிஸ் மன்னரின் கல்லறை அது. அதன் முட்டை வடிவ அறையில், பழுப்பேறிய பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் சுருளைப் பிரித்து ஒட்டியதுபோல், கறுப்பிலும் சிவப்பிலும் குச்சி உருவங்கள் நடக்கின்றன. சுவரில் தீட்டிய இந்த நூலை ‘அம்துவாத்’ என்று சொல்வார்கள். ‘பாதாளத்தில் உள்ளது’ என்று பொருள்.

என்னை விடாமல் பிடித்திருப்பது நான்காம் மணி. அதுவரை ஆறும் வயலும் இருந்தன. இங்கே தண்ணீர் இல்லை. சோக்கர் தெய்வத்தின் மணல்வெளி. படகு மிதக்காது. அதனால் படகே பாம்பாகிறது. தன் வாயிலிருந்து எழும் நெருப்பால் வழி பார்த்துக்கொள்கிறது. தேவர்கள் வடம் பிடித்து மணலில் இழுக்கிறார்கள். உலகுக்கே ஒளி தருபவர், தம் வழிக்கு வெளிச்சம் இல்லாமல், பிறர் கைவலிமையால் நகர்கிறார்! கடவுளை இவ்வளவு இயலாதவராகக் காட்ட எத்தனை துணிவு வேண்டும்!

நள்ளிரவில், ஆறாம் மணியில், சூரியனின் உயிர், இறந்தோரின் தெய்வமான ஒசைரிசின் உடலோடு சேர்கிறது. அங்கேதான் ஒளி மீண்டும் பிறக்கிறது. அடுத்த மணியிலேயே அபெப் என்னும் பெரும்பாம்பு ஆற்று நீரைக் குடித்துவிட்டு வழிமறிக்கிறது. ஐசிஸ் தேவியின் மந்திரம் படகை நகர்த்துகிறது. பாம்பைக் கட்டிக் கத்தி பாய்ச்சுகிறார்கள். இது சுவரோடு நின்றுவிட்ட அச்சம் அல்ல. பிற்காலக் கோயில்களில் அபெப்பை மெழுகில் செய்து, உமிழ்ந்து, மிதித்து, தீயிலிட்டார்கள். நாளைய விடியலுக்கு மனிதனும் தோள் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள்.

பன்னிரண்டாம் மணியில் இன்னொரு பாம்பு, மிக நீளமானது. படகு அதன் வால் வழியே நுழைந்து வாய் வழியே வெளிவருகிறது. இழுத்துச் செல்லும் தேவர்களும் முதியவர்களாக உள்ளே போய்க் குழந்தைகளாக வெளியேறுகிறார்கள். கெப்ரி வானேறுகிறார். சித்திரத்தின் வளைந்த ஓரத்தில் துணி சுற்றிய பழைய உடல் ஒன்று மட்டும் சாய்ந்தபடி இருக்கிறது, பாதாளத்தின் உள்ளேயே.