கொழும்பு மரங்களின் பன்னிரண்டு மாதம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

கொழும்பில் நெடுநாள் இருப்பவர்களிடம் பருவங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "இங்கே என்ன பருவம்? வருஷம் முழுக்க ஒரே வெக்கை, இடையில் மழை" என்பார்கள். ஒரு வகையில் சரிதான். பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறோம். ஜூன் மாதத்துப் பகலுக்கும் டிசெம்பர் மாதத்துப் பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. வெப்பநிலையும் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். மழை எப்போது விடுகிறது, எப்போது பிடிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மரங்கள் இலை உதிர்க்கின்றன, தளிர்க்கின்றன, பூக்கின்றன. இதைக் கண்ணால் காண எனக்குத் தெரிந்த நல்ல இடம் கொழும்புப் பல்கலைக்கழக வளாகமும் அதைச் சுற்றியுள்ள வீதிகளும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஒரு தடவை போய்விட்டு வந்தால் போதாது, வருஷம் முழுக்கப் போக வேண்டும்.

பல்கலைக்கழகம் என்றால் புத்தகம், பரீட்சை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் மரங்களுக்கென்றே இடம் ஒதுக்கிய பல்கலைக்கழகமும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆர்னல்ட் மரத்தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1872இல் தொடங்கியது, 281 ஏக்கர். 1882இல் நிலத்தை நகரசபையின் பெயருக்கு மாற்றி, அதையே பல்கலைக்கழகம் 1000 ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆயிரம் ஆண்டு! மரம் நடுகிறவர்கள் போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே போகக் கட்டணம் இல்லை. மரங்களில் சிறிய தகடும் எண்ணும் இருக்கும், எங்கிருந்து வந்த மரம் என்று தெரிந்துகொள்ளலாம். மே மாதத்தில் லைலாக் என்ற பூஞ்செடி பூக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் அலைமோதும். நான் பெரிதாக மதிப்பது அந்தக் கூட்டத்தை அல்ல. முதல் தளிர் எந்த நாளில் வந்தது, முதல் பூ எந்த நாளில் விரிந்தது என்று அதே மரத்திடம் திரும்பத் திரும்பப் போய்க் குறித்து வைக்கும் தொண்டர்கள் அங்கே இருக்கிறார்களே, அவர்களைத்தான்.

நம்முடைய வளாகம் அவ்வளவு பெரியதல்ல. ஆனால் அதற்கும் கதை உண்டு. இந்தப் பகுதிக்குக் கறுவாத் தோட்டம் என்று பெயர் வந்ததே ஒல்லாந்தர் காலத்தில் இங்கே கறுவா பயிரானதால்தான். பிறகு வளவுகள் எழுந்தன. அப்படி 1912இல் கட்டிய ஒரு மாளிகைதான் இன்று வளாகத்தில் இருக்கும் கல்லூரி இல்லம். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. கறுவா போய், இன்று நிழல் தருவது பெரும்பாலும் கடல் கடந்து வந்த மரங்கள்.

ஜனவரியில் தொடங்குவோம். மழை ஓய்ந்து, வெயில் ஏறி, தரை காய்கிற காலம் இது. மஹோகனி இலையைக் கொட்டும். அதன் கட்டைக் காய் அடியிலிருந்து வெடித்துப் பிளக்க, இறக்கை வைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த மாதங்களைத் தவறவிடக் கூடாது. பெப்ரவரி, மார்ச் பக்கம் ரொபரோசியா என்ற மரம் இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும். கைத்தொலைபேசியோடு எல்லோரும் வருவதும் அப்போதுதான். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வியோடு வர வேண்டும். ஏன் இலை இல்லாமல் பூக்கிறது? வறட்சியில் இலையை வைத்திருந்தால் அது தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். அதை உதிர்த்துவிட்டால் செலவு மிச்சம். மறைக்க இலை இல்லாததால் பூவும் தேனீயின் கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அதே மரத்தைப் பூ உதிர்ந்த பிறகு ஒரு நாள் போய்ப் பாருங்கள். பச்சைக் கூட்டத்தில் அடையாளமே தெரியாது.

சித்திரை நெருங்கினால் குயில் ஓயாது. அப்புறம் கொன்றை. ஏப்ரல், மே மாதங்களில், வெசாக் கூடுகள் தொங்குகிற நாட்களில், சரம் சரமாக மஞ்சள். சிவனுக்கு உரிய பூ என்று நாம் கும்பிடுகிறோம். சங்கப் புலவர்களுக்குக் கொன்றை பூத்தால் கார்காலம், போன தலைவன் திரும்பி வர வேண்டிய காலம். கொழும்பிலும் அது பெருமழைக்கு முன்னால்தான் பூக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கவனிப்பு இன்றைக்கும் தெருவோரத்தில் கண்முன்னால் நடக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

நாக மரத்தையும் சொல்ல வேண்டும். 1986இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவித்தார்கள். அதன் கட்டை நீரில் மூழ்கும் அளவுக்குப் பாரமான வைரம். நம் சித்த வைத்தியத்தில் சிறுநாகப்பூ என்று வருவது இதன் பூதான். வெள்ளைப் பூ அழகு, ஆனால் நான் காத்திருப்பது தளிருக்கு. முழு மரமும் இரத்தச் சிவப்பாக நிற்கும். பச்சையம் சேர்வதற்கு முன் இளந்தளிரில் சிவப்பு நிறமி இருப்பதால் வருவது அது. கொஞ்ச நாளில் வெளிறி, பிறகு பச்சையாகிவிடும். ஒரு தடவை மட்டும் வந்து போகிறவர் அதைக் காண்பது அதிர்ஷ்டம்தான்.

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பிடித்துவிட்டால் மக்கள் வருவது நின்றுவிடும். நான் போகச் சொல்வது அப்போதுதான். பௌத்தாலோக மாவத்தைப் பக்கம் குடை விரித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் பாருங்கள். மத்திய, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவை. பொழுது சாய்ந்தால் இலைகள் மடிந்துகொள்ளும், வானம் இருண்டாலும் அப்படியே. இலைக்காம்பின் அடியில் சின்னதாய் ஒரு வீக்கம் இருக்கிறது. அதில் உள்ள உயிரணுக்களுக்குள் தண்ணீர் ஏறுவதாலும் இறங்குவதாலும் இலை திறந்து மூடுகிறது. வறண்ட மாதங்களில் சுருண்டு கிடந்த பன்னங்கள் இப்போது கிளை நெடுக விரிந்திருக்கும். ஒரே கிளையில் பாசி, பன்னம், ஓர்க்கிட், எறும்பு, அணில் எல்லாம் குடியிருக்கும்.

இந்த மழைக்காலத்துப் பார்வைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அப்படி ஒன்று நடந்தால் "வெட்டு, எல்லாவற்றையும் வெட்டு" என்ற குரல் எழும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நகரத்தின் நிழலையெல்லாம் வெட்டிப் போட்டால் அந்த வெக்கையில் யார் நடப்பது? மரம் பெரும்பாலும் அறிகுறி காட்டிவிட்டுத்தான் விழுகிறது. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தால் உள்ளே உளுத்துப்போகிறது என்று அர்த்தம். மற்றதெல்லாம் தளிர்த்த பிறகும் ஒரு பக்கம் மொட்டையாகவே நின்றால், அந்தப் பக்கத்து வேரை யாரோ குழாய் போட வெட்டியிருக்கலாம், கொங்கிறீட் போட்டு மூடியிருக்கலாம். போன வருஷம் இந்த மாதம் அந்த மரம் எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இந்த வருஷத்து மாற்றம் கண்ணில் படும். ஆகவே ஒவ்வொரு வளாகத்திலும், ஒவ்வொரு பாடசாலையிலும் மரக் குறிப்பேடு ஒன்று இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஒக்டோபர், நவம்பரில் மழை மறுபடியும் உச்சத்துக்குப் போகும். பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும், அந்த நேரத்தில் மரத்தடியில் நிற்க வேண்டாம். காலையில் போங்கள். இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி இந்தக் காலத்தில்தான் கொழும்புத் தோட்டங்களில் இறங்கும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். ஏப்ரல் அளவில் திரும்பிப் போய்விடும். அது இரை தேடுவது உதிர்ந்த இலைக்குள் கிடக்கும் புழு பூச்சியைத்தான். சருகைக் கூட்டி எரிக்கிற இடத்தில் அதற்கு வேலை இல்லை. மரத்தடிச் சருகைக் கொஞ்சமாவது விட்டுவையுங்கள் என்று தோட்டம் பராமரிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வளாகத்துக்குள் போவதானால் வாசலில் காவலரிடம் விவரம் சொல்லி அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் மதிலுக்கு வெளியே பார்க்க நிறைய இருக்கிறது. ஒரு மரத்தைத் தெரிவு செய்யுங்கள், ஒன்று போதும். மாதம் ஒரு தடவை, அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். திகதி, இலை, பூ, காய், அந்த வாரம் மழை பெய்ததா, இவ்வளவும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிறோம், கறுவாத் தோட்டம்வரை வர வசதியில்லை என்பவர்களுக்கு பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற மரமே போதும். எழுதத் தொடங்கிய பிறகு இந்த நிகழ்ச்சிக்கு ஒரு கடிதம் போட்டு, உங்கள் மரம் எந்த மாதத்தில் இலை உதிர்த்தது என்று சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.